பசையை யார் வாங்கி வருவது?

மேடையின் நடுவே வீற்றிருக்கும் மாநகர மன்றத் தலைவர் அவர்களே! அவருக்கு வலப்புறம் தலை குனிந்து அமர்ந்திருக்கும் செருப்புத் தொழிலின் தலைவர் மஃபத்தல் அவர்களே! இடப்புறம் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும் பசை வியாபாரி ஹாஜி புஷ்தா அவர்களே! துடைத்து முடியுங்கள் ஹாஜி. அவசரமில்லை, நான் காத்திருக்கிறேன்.

கீழே அமர்ந்திருக்கும் செருப்பு மேஸ்திரிமார்களே, ஹாஜ்ஜா பதூலின் ஹம்மாம் குளியல்கூடத்தில் காலமெல்லாம் வெந்நீரில் குளித்துப் பிள்ளை பெற்று, அந்தப் பிள்ளைகளையும் அங்கேயே கொண்டுவந்து குளிப்பாட்டிய தாய்மார்களே, சுவரோரம் நிற்கிற பிள்ளைகளே, உங்கள் அனைவர் மீதும் இறைவனின் சாந்தி உண்டாகட்டும்.

என்னைத் தெரியாதவர் இந்த மண்டபத்தில் இருக்க முடியாது. பாப் ஸித்ரா வாசலருகே மருந்துக்கடை வைத்திருக்கும் ஜிலாலி. உங்கள் பல்வலி, வயிற்றுவலி, வெளியே சொல்ல முடியாத மற்ற வலிகள் எல்லாம் எனக்குத் தெரியும். ஆகவே இன்று நான் பேசுவது பிடிக்காவிட்டாலும் யாரும் என்னை ரொம்ப முறைக்க மாட்டீர்கள் என்ற தைரியத்தில் நிற்கிறேன்.

ஹாஜ்ஜா பதூல் அவர்கள் மறைந்து இன்று நாற்பதாம் நாள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை என்னவெல்லாம் சொன்னார்கள்! பொறுமையின் வடிவம் என்றார் ஒருவர். மென்மையான உள்ளம் என்றார் இன்னொருவர். அதிர்ந்து பேசாதவர் என்றார் மன்றத் தலைவர். யாரைப் பற்றிப் பேசுகிறீர்கள் ஐயா? வேறு வீட்டுக் கூட்டத்துக்கு எழுதிய உரை கை மாறி வந்துவிட்டதா? ஹாஜ்ஜா பதூல் வாயைத் திறந்தால் நகரத்தின் அடுத்த வாசல்வரை கேட்கும். மூக்குப்பொடி போடுவார். சீட்டாட்டத்தில் ஏமாற்றுவார், பிடித்தால் நம்மையே திட்டுவார். மன்றத்து வாகனத்தின் மீது ஒரு வாளி சோப்புத் தண்ணீரை ஊற்றியவர் அவர். அந்த வாகனத்துக்குள் யார் இருந்தார் என்பது மன்றத் தலைவருக்கு மறந்திருக்காது. அன்றைக்கு அவர் போட்டிருந்தது வெள்ளை ஜலாபா அங்கி என்று நினைக்கிறேன்.

மென்மையானவர்கள் பலரை இந்த ஊர் புதைத்திருக்கிறது. ஒருவருக்காவது நீங்கள் இப்படி மண்டபம் பிடித்ததுண்டா? அவருக்குப் பயந்தவர்கள் எல்லாம் இன்றைக்கு அவரைப் புகழ வந்திருக்கிறீர்கள். இனி அவர் பதில் பேசமாட்டார் என்கிற நிம்மதி உங்கள் முகங்களில் தெரிகிறது. அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் நான் எழுந்தேன்.

அவருடைய போராட்டம் எங்கே தொடங்கியது? ஹம்மாமின் பின்புறம் இருக்கிற உலைக்கூடத்தில். மரத்தூள் போட்டு நாள் முழுக்க எரிக்கிற உலை அது. குளிர்காலத்தில் வீடில்லாத பிள்ளைகள் அந்தச் சுவரோடு ஒட்டிப் படுப்பார்கள். அவர் விரட்டமாட்டார், திட்டுவார். திட்டிக்கொண்டே சூப்பு ஊற்றிக் கொடுப்பார். அப்படிப் படுத்திருந்தவர்களில் ஒருவன் ரெத்வான், பன்னிரண்டு வயது, ஒரு செருப்பு மேஸ்திரியிடம் வேலை பழகியவன். செருப்பின் அடித்தோலை ஒட்டுகிற சொல்யூஷன் பசை நனைத்த துணியைப் போதைக்காக முகத்தில் வைத்து முகர்ந்துகொண்டு ஒரு விடியற்காலையில் உலை வாயருகே உட்கார்ந்திருந்தான். ஒரு தீப்பொறி பறந்து வந்தது. அவ்வளவுதான்.

தன் மேல்போர்வையைத் தண்ணீரில் முக்கி அவன் மீது விழுந்து அணைத்தவர் ஹாஜ்ஜா. பையனின் முகம் தப்பியது. கைகள் தப்பவில்லை. பத்து விரலும் வெந்து, ஆறும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. மருத்துவமனையில் கத்தி வைத்துப் பிரித்துப் பார்த்தார்கள். பாதிதான் பிரிந்தது.

அவனுடைய மேஸ்திரி பார்க்க வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார். மறுநாளே வந்தார். கட்டில் பக்கத்தில் நின்று, "நேத்து வாங்கியாரச் சொன்ன டின்னு எங்கடா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அந்த மேஸ்திரி இப்போது உயிரோடு இல்லை, எனவே அவரை விடுவோம். உயிரோடு இருக்கிறவர்களுக்கு வருவோம். இந்தப் பையன் கைக்கு அந்தப் பசை எப்படி வந்தது? திருடினானா? இல்லை. நம் தொழிலின் வழக்கம் அது. செருப்புக்கூடத்தில் மேஸ்திரி மணையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கமாட்டார். நூல் வேண்டுமா, பையனைக் கூப்பிடு. தேநீர் வேண்டுமா, பையனைக் கூப்பிடு. பசை வேண்டுமா, அதற்கும் பையன்தான். கூடத்துக்கும் பசைக்கடைக்கும் கூப்பிடு தூரம். ஆனாலும் பையன்தான் போகவேண்டும். இல்லாவிட்டால் மேஸ்திரியின் கௌரவம் என்ன ஆவது!

பசைக்கடைகளிலும் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பையன் டின்னோடு வந்தாலும் கையில் ஒரு மிட்டாய் கொடுப்பார்கள், அடுத்த முறையும் இந்தக் கடைக்கே வரட்டும் என்று. நல்ல வழக்கம்தான். ஆனால் காலம் போகப் போகப் பையன்கள் மிட்டாய் கேட்பதில்லை. டின்னிலிருந்து ஒரு கரண்டி, பிளாஸ்டிக் பையில், தங்களுக்கென்று கேட்டார்கள். கடைக்காரர் என்ன செய்யவேண்டும்? காதைத் திருகி அனுப்பவேண்டும். நம் ஹாஜி என்ன செய்தார்? கரண்டியை எடுத்தார். வாடிக்கையாளரின் மனம் கோணாமல் நடப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

ஹாஜ்ஜா நேராகக் கடைக்குப் போய்ப் பையன்களுக்கு விற்காதே என்று கேட்டார். நானும் உடனிருந்தேன். ஹாஜி சொன்ன பதிலை நான் சாகிறவரை மறக்கமாட்டேன். அத்தனை அழகான பதில்.

"பையனுக்கு எங்க ஹாஜ்ஜா வித்தேன்? அவன் மேஸ்திரிக்குத்தான வித்தேன். அவன் சின்னப் பையன் இல்ல, மேஸ்திரியோட கை. கைக்குப் போயி வயசு கேக்க முடியுமா?"

கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ஹாஜ்ஜா பதூலுக்கு வாயில் பதில் இல்லாமல் போனதை நான் பார்த்த ஒரே நாள் அதுதான். திரும்பி நடந்தார்.

பதில் சில வாரங்கள் கழித்து வந்தது. ரெத்வானை மருத்துவமனையிலிருந்து அனுப்பிய அன்று அவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் நேராக ஹாஜியின் கடைக்குக் கூட்டிப்போனார். துணி சுற்றிய அவனுடைய இரண்டு கைகளையும் தூக்கி, பசை டின்களுக்கு நடுவே மேசையில் வைத்தார். "இந்தா ஹாஜி. மேஸ்திரியோட கை. உங்கிட்டதான் வந்துது, திருப்பிக் குடுக்க வந்திருக்கேன். எடுத்துக்க."

ஹாஜி என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? அழுதாரா? மன்னிப்புக் கேட்டாரா? மிட்டாய் ஜாடியைத் திறந்து ஒன்றை எடுத்துப் பையனிடம் நீட்டினார். அதை அவன் எந்தக் கையால் வாங்குவான் என்று அவருக்குத் தோன்றவில்லை. பையன் மிட்டாயைப் பார்த்தான், தன் கட்டுகளைப் பார்த்தான். ஹாஜ்ஜாதான் அதை வாங்கித் தெருவில் எறிந்தார்.

அன்று அவர் கேட்டது என்ன? பெரிய சட்டமா, ஆஸ்பத்திரியா, அரண்மனையா? ஒரே ஒரு வரி. பசை வேண்டுமென்றால் மேஸ்திரியே வந்து வாங்கட்டும், வயது வராதவன் கையில் டின்னைக் கொடுக்காதே. இவ்வளவுதான். இந்த ஒரு வரிக்காகத்தான் மிச்ச வாழ்நாள் முழுக்க உங்கள் வாசல்களில் ஏறி இறங்கினார்.

மாநகர மன்றம் சும்மா இருந்ததா? மனசாட்சியோடு சொல்கிறேன், சும்மா இருக்கவில்லை. ஒரு குழு அமைத்தது. குழு தேநீர் குடித்தது. பிறகு அந்தக் குழுவை ஆராய இன்னொரு குழு அமைத்தது. கடைசியில் பச்சை எழுத்தில் பளபளப்பாக ஓர் அட்டை அச்சடித்துக் கொடுத்தார்கள்: சிறுவர்களுக்குப் பசை விற்கப்படமாட்டாது. ஹாஜி அதைத் தன் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டினார். எதனால் ஒட்டினார்? அதே பசையால்! அந்த அட்டையின் கீழே நின்றுதான் பையன்கள் டின்னை வாங்கிப் போனார்கள். அட்டை படிக்கத் தெரிந்த பையன்கள் அதைப் படித்துச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

சரி, மேஸ்திரிமார்களையாவது கேட்போம் என்று உங்களிடம் வந்தார். கூடம் கூடமாக ஏறினார். எல்லாக் கூடத்திலும் ஒரே கேள்வி, ஏதோ சேர்ந்து ஒத்திகை பார்த்த மாதிரி: "அப்ப பசையை யாரு ஹாஜ்ஜா வாங்கிட்டு வர்றது?" ஓர் ஊரையே கவலையில் ஆழ்த்திய கேள்வி! பிள்ளைகள் தெருவில் வாயில் நுரை தள்ளிக் கிடந்தபோது வராத கவலை, பசையை யார் வாங்கி வருவது என்றபோது வந்துவிட்டது உங்களுக்கு. அவர் ஒருவரிடம் சொன்னார்: "ஏன், உன் காலுக்கு என்ன கேடு? ஊருக்கெல்லாம் செருப்புத் தைக்கிற. நீ போட்டுக்கிட்டு நடக்க ஒரு ஜோடி இல்லையா?"

பிறகு நடந்ததை மஃபத்தல் அவர்கள் மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன். ஹாஜ்ஜா தன் வீட்டு முற்றத்துக்கு எல்லா மேஸ்திரிகளையும் அழைத்தார். புதினா தேநீர் கொடுத்தார். பாதாம் பலகாரம் தட்டுத் தட்டாக வந்தது, தட்டுத் தட்டாகக் காலியானது. சாப்பிட்டு முடித்ததும் இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டு, "வாங்க, இதுக்கு ஒரு ஃபாத்திஹா ஓதிடுவோம்" என்றார்.

நம் ஊரில் அதன் பொருள் சிறு பிள்ளைக்கும் தெரியும். பெண் கேட்டாலும், வியாபாரத்தில் கூட்டுச் சேர்ந்தாலும், அண்ணன் தம்பி சண்டை தீர்ந்தாலும், கைகளை ஏந்தி, குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதினால்தான் பேச்சு முடிந்தது. தாளில் எழுதியதை வக்கீல் பிரித்துவிடுவார். ஃபாத்திஹா ஓதியதைப் பிரிக்க இங்கே எவனும் துணிந்ததில்லை. துணிந்தவன் வீட்டுக்குப் பெண் கொடுக்கமாட்டார்கள், அங்கிருந்து எடுக்கவும் மாட்டார்கள்.

முற்றத்தில் ஒரு கைகூட உயரவில்லை. பலகாரத்துக்கு நீண்ட கைகள் எல்லாம் சட்டைக்குள் போய்விட்டன. மஃபத்தல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கையெழுத்து எத்தனை வேணாலும் போடறோம் ஹாஜ்ஜா. ஃபாத்திஹா மட்டும் வேணாமே. இந்தச் சின்ன விஷயத்துக்கு அல்லாஹ்வ எதுக்கு இழுக்கணும்?" என்றார்.

"கையெழுத்து போடறப்ப அவன் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டா போடற, மஃபத்தல்?"

ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவருக்குத் தொழுகை நேரம் வந்துவிட்டது. ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி வந்துவிட்டார். ஏந்திய கைகளோடு அவர் மட்டும் முற்றத்தில் நின்றார். இந்த மண்டபத்தில் இருக்கும் எத்தனையோ பேர் அவர் முகத்தைப் பார்க்காமல் நழுவிப் போனவர்கள்.

ஆனால் அவரும் லேசுப்பட்டவரா? பெருநாளுக்கு முந்தைய வாரம் ஹம்மாம் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். புருஷன் தன் காலால் பசைக்கடைக்குப் போகாத வீட்டுப் பெண்ணுக்கு இங்கே வெந்நீர் கிடையாது என்று அறிவித்தார். தாய்மார்களே, நீங்கள் சிரிக்கிறீர்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. மருதாணியும் சோப்பும் துண்டுமாக வந்து, வாளியோடு வீட்டுக்குத் திரும்பினீர்கள். அந்த இரவு வீடுகளில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. மறுநாள் காலையில் பசைக்கடை வாசலில் நரைத்த தாடிகளாக வரிசையில் நின்றதை மட்டும் பார்த்தேன். கையில் ஆளுக்கொரு டின்! நடந்து வந்ததற்காக யாருக்கும் கால் உடையவில்லை. கௌரவமும் கீழே விழுந்து நொறுங்கவில்லை. செருப்புகளும் வழக்கம்போல் ஒட்டின. அந்த ஒரு வாரம் உலைக்கூடத்தில் படுத்த பிள்ளைகள், பசை இல்லாமல் பசி திரும்பி, சூப்பை மிச்சம் வைக்காமல் குடித்தார்கள் என்று ஹாஜ்ஜா என்னிடம் வந்து சொன்னார். சந்தோஷத்தில் எனக்கும் மூக்குப்பொடி கொடுத்தார்.

அப்புறம் என்ன ஆனது? மஃபத்தல் மன்றத்துக்குப் புகார் எழுதினார். பசை விஷயத்தில் ஆண்டுக்கணக்காக மை காய்ந்து கிடந்த பேனா, அன்று குதிரை வேகத்தில் ஓடியது. ஹம்மாமின் புகைபோக்கி காற்றைக் கெடுக்கிறதாம். ஒரு மாதம் மூடி வைக்க உத்தரவு. பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிற பசை நெடி மன்றத்தின் மூக்குக்கு எட்டவில்லை, புகைபோக்கி எட்டிவிட்டது. பெண்கள் வேறு ஹம்மாமுக்குப் போனார்கள். மேஸ்திரிகள் மணைக்குத் திரும்பினார்கள். பையன்கள் டின்னைத் தூக்கினார்கள்.

கடைசியில் அவரிடம் மிஞ்சியது அந்த நாற்காலிதான். அதைத் தூக்கிக்கொண்டுபோய் ஹாஜியின் கடைக்கு எதிரே போட்டார். தினமும் மதியத்துக்குப் பிறகு உட்கார்ந்தார். டின்னோடு வருகிற ஒவ்வொரு பையனையும் நிறுத்தி, "போயி உன் மேஸ்திரிக்குக் கால் இருக்கான்னு பாத்துட்டு வா" என்று திருப்பி அனுப்பினார். பாதிப் பேர் திரும்பினார்கள். மீதிப் பேர் அவரைக் கிழவி என்றார்கள், பைத்தியம் என்றார்கள். ஒருவன் ஆரஞ்சுத் தோலை எறிந்தான். மழை வந்தால் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். போன குளிர்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டி மருந்துக்கு என்னிடம் வந்தபோது, கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள் என்று கெஞ்சினேன். "நாற்காலி காலியா இருந்தா ஹாஜிக்குக் கொண்டாட்டமாயிடும் ஜிலாலி" என்றார். இருமல் மருந்தை அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போனார். அந்தச் சளிதான் அவரைக் கொண்டுபோனது. நான் அவரை எவ்வளவு நேசித்தேன் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை.

இன்று காலை நடந்ததைச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். இந்த மண்டபத்துக்கு வரும் வழியில் ஹாஜியின் கடையைப் பார்த்தேன். கதவு பாதி இறங்கியிருந்தது. ஹாஜ்ஜா பதூலின் நினைவுக் கூட்டத்தை முன்னிட்டு விடுமுறை என்று கறுப்புக் கட்டம் கட்டி எழுதி மாட்டியிருந்தார்கள். கண்ணீர் வருகிற மாதிரி எழுத்து. அந்தப் பலகைக்குக் கீழே, இறங்கிய கதவுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள சந்து வழியாக, உள்ளேயிருந்து ஒரு கை டின்னை வெளியே தள்ளியது. வெளியே ஒரு பையன் குனிந்து எடுத்தான். பத்து வயதுகூட இருக்காது. நான் அவனை நிறுத்தி, உன் மேஸ்திரி ஏனப்பா வரவில்லை என்று கேட்டேன்.

"மேஸ்திரி ஹாஜ்ஜாவோட கூட்டத்துக்குப் போயிட்டாரு. அதான் நான் வந்தேன்" என்றான்.

அந்த மேஸ்திரி இந்த மண்டபத்தில்தான் இருக்கிறார். பெயரைச் சொல்லமாட்டேன். அவர் காது சிவந்திருப்பது இங்கிருந்தே தெரிகிறது.

மன்றத் தலைவர் சற்றுமுன் பெரிய மனது பண்ணி ஓர் அறிவிப்புச் செய்தார். பசைக்கடைத் தெருவுக்கு ஹாஜ்ஜா பதூல் தெரு என்று பெயர் வைக்கப்போகிறார்களாம். கைதட்டினீர்கள். எனக்கு உடம்பு கூசியது. நாளை முதல் பையன்கள் ஹாஜ்ஜா பதூல் தெருவுக்குப் போய்ப் பசை வாங்கி வருவார்கள், அதுதானே? வேண்டாம் ஐயா. பெயர்ப்பலகை வேண்டாம். அதையும் அந்தப் பசையால்தான் ஒட்டுவீர்கள். அவர் கேட்ட அந்த ஒரு வரியைக் கொடுங்கள், போதும்.

அவருடைய நாற்காலி இப்போது என் மருந்துக்கடையில் இருக்கிறது. நாளை மதியம் முதல் அதில் நான் உட்காருவேன். எனக்கு அவரளவு குரல் கிடையாது, ஆனால் உங்கள் வீட்டு நோய்களெல்லாம் தெரியும் என்பதை மீண்டும் நினைவூட்டுகிறேன்.

இனி நிகழ்ச்சி நிரலில் மீதமிருப்பது ஒன்றே ஒன்று. மறைந்தவருக்காக எல்லோரும் எழுந்து கைகளை ஏந்தி ஃபாத்திஹா ஓதவேண்டும். இறந்தவருக்கு ஃபாத்திஹா ஓத மறுக்கிற மனிதன் இந்த ஊரில் பிறக்கவில்லை. ஆனால் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். இங்கே எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். இன்று ஓதப்போகிற ஃபாத்திஹா இரண்டு காரியத்துக்கு. ஒன்று அவருடைய ஆன்மாவுக்கு. மற்றொன்று அன்று அவர் வீட்டு முற்றத்தில் அவர் மட்டும் கைகளை ஏந்தி நின்றாரே, அந்தப் பேச்சுக்கு. கை ஏந்துகிற மேஸ்திரி நாளை முதல் தன் காலால் நடந்துபோய்த் தன் பசையை வாங்குகிறார். கை ஏந்துகிற வியாபாரி வயது வராத எவனுக்கும், எந்த மேஸ்திரியின் பெயரைச் சொன்னாலும், டின்னைக் கொடுப்பதில்லை. கை ஏந்துகிற மன்றத் தலைவர் இதை அட்டையில் அல்ல, சட்டத்தில் எழுதுகிறார்.

இது பிடிக்காதவர்கள் இப்போதே எழுந்து வெளியே போகலாம். செருப்புகள் வாசலில்தான் இருக்கின்றன, நீங்களே தைத்தவை. கூஸ்கூஸ் சாப்பாடு பரிமாறுகிறவரை காத்திருக்க வேண்டாம். யார் போகிறார்கள் என்று பின்வரிசையில் உங்கள் மனைவிமார் பார்த்துக்கொள்வார்கள்.

யாரும் எழுந்து போகவில்லை. நல்லது.

ரெத்வான், நீ முன்னால் வா தம்பி. ஹாஜ்ஜாவின் உலையை இப்போது எரிப்பவன் நீ, இதை நீதான் தொடங்கவேண்டும். கையை உயர்த்து, எல்லோரும் பார்க்கட்டும். பாருங்கள். இவனுடைய விரல்கள் விரியாது. உங்கள் விரல்கள் நன்றாகவே விரியும்.

மன்றத் தலைவர் அவர்களே, எழுந்திருங்கள். மஃபத்தல் அவர்களே, இன்று விருந்தாளி யாரும் வீட்டுக்கு வரவில்லை, கையை எடுங்கள்.

ஹாஜி புஷ்தா, அந்தக் கைக்குட்டையைக் கீழே வையுங்கள். இரண்டு கையும் வேண்டும்.